மாணவி வரைந்த நாற்காலி

(மாணவர் ஓவியப் போட்டிகள் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

'மாற்றுத்திறனாளிகளும் தொழில்நுட்பமும்' என்று கரும்பலகையில் தலைப்பை எழுதிப்போட்டு, ஒன்றரை மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான சார்ட்டுகளில் என்ன படம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நடுவில் ஒரு சக்கர நாற்காலி, அதில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பையன், பின்னால் நின்று தள்ளும் நல்ல மனிதர். மேல் மூலையில் ஒரு கணினி. அதிலிருந்து மஞ்சள் கதிர்கள் கிளம்பும். கொஞ்சம் துணிச்சலான பிள்ளை என்றால், இரும்புக் கால் பொருத்திய ஒருவன் மலையுச்சியில் கொடியோடு நிற்பான். கோட்டுக்கு வெளியே வழியாமல் வண்ணம் தீட்டியவருக்கு முதல் பரிசு. படங்கள் ஒரு வாரம் வராந்தாவில் தொங்கும். பிறகு ஆசிரியர் அறை பீரோவின் மேல் ஏறிவிடும்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. சினிமாவும் விளம்பரமும் நன்கொடைத் துண்டறிக்கையும் அவர்களுக்குக் காட்டியிருப்பவை இந்த இரண்டு படங்கள்தான். ஒன்று பரிதாபம், இல்லாவிட்டால் சாகசம். பேருந்துக்குக் காத்திருப்பவராகவோ, கடன் அட்டைப் பாக்கிக்காகக் கவலைப்படுபவராகவோ, காதலில் விழுந்தவராகவோ ஒரு மாற்றுத்திறனாளியை வரைந்து அவர்கள் பார்த்ததில்லை.

பள்ளி ஓவியப் போட்டிக்கு ஒரு சொற்பொழிவா என்று சிலருக்குத் தோன்றலாம். உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்திருக்கும் மாற்றுத்திறனாளி ஓவியம், மாணவர்கள் கூடிய ஒரு வடிவமைப்புப் பட்டறையில் பிறந்ததுதான். அதை வரைந்தவர் ஒரு மாணவி. விமான நிலையத்தில், மருத்துவமனையில், வாகன நிறுத்துமிடத்தில், கழிப்பறைக் கதவில், ரயில் பெட்டியில் என்று அந்தப் படம் இல்லாத ஊர் இல்லை. நீலப் பின்னணியில் வெள்ளைக் கோட்டில் சக்கர நாற்காலி.

அந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1930-கள் வரை சக்கர நாற்காலி என்பது மரமும் பிரம்பும் சேர்ந்த கனத்த சாமான். வீட்டுக்குள்ளோ மருத்துவமனைத் தாழ்வாரத்திலோதான் அது ஓடும். அமெரிக்காவில் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் சேர்ந்து உருக்குக் குழாயில் ஒரு மடக்கு நாற்காலி செய்தார்கள். மடக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். இந்த ஒரு வசதி பல்லாயிரம் பேரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது. உலகப் போரில் காயம்பட்டவர்களும் இளம்பிள்ளை வாதத்தில் நடமாட்டம் இழந்தவர்களும் தெருவுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் படிக்கட்டு குறுக்கே நின்றது. அஞ்சலகம், நூலகம், கல்லூரி எல்லாவற்றுக்கும் வாசலில் நாலு படி.

1961-ல் அமெரிக்காவில் கட்டடங்களுக்கான முதல் தடையில்லா அணுகல் தரவிதி வந்தது. சில நாடுகளில் சாய்தளங்கள் முளைத்தன. உடனே அடுத்த சிக்கல். எந்த வாசலில் சாய்தளம் இருக்கிறது, எந்தக் கழிப்பறைக்குள் நாற்காலி நுழையும் என்று தெரிந்துகொள்வது எப்படி? ஆளுக்கொரு குறி, ஊருக்கொரு பலகை. உலகம் முழுவதும் ஒரே சின்னம் வேண்டும் என்று 'ரீஹாபிலிடேஷன் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு முடிவுசெய்தது. பொறுப்பு அதன் தொழில்நுட்ப, அணுகல் ஆணையத்திடம் போனது. அதற்குத் தலைவர் சுவீடனைச் சேர்ந்த கார்ல் மொண்டான்.

1968 ஜூலையில் ஸ்டாக்ஹோமின் கொன்ஸ்ட்ஃபாக் கலைக் கல்லூரியில் ஸ்காண்டிநேவிய வடிவமைப்பு மாணவர்களின் கோடைப் பட்டறை நடந்தது. அதில் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற மாணவி ஒரு சின்னம் வரைந்தார். ஒரே கனமுள்ள சில கோடுகள், பக்கவாட்டில் பார்த்த சக்கர நாற்காலி, ஒரு வளைவு. அவ்வளவே. அதில் ஆள் இல்லை. காலி நாற்காலி.

சின்னத்திடம் கேட்கப்பட்டவை தெளிவாக இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். பார்த்த மாத்திரத்தில் பொருள் புரிய வேண்டும். வேறொன்றோடு குழம்பக் கூடாது. எந்தப் பொருளில் செய்தாலும் வடிவம் கெடக் கூடாது. கோஃபோட்டின் வரைவு இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறைவேற்றியது. மொண்டானுக்கு ஒரு குறைதான் பட்டது. கோடுகள் ஒரே கனத்தில் இருப்பதால், ஏதோ எழுத்துகளைப் பின்னிய முத்திரைபோலத் தோன்றுகிறது என்றார். அதற்கு மேலே ஒரு வட்டம் சேர்க்கப்பட்டது. அந்த வட்டம் தலையானது. நாற்காலியின் முதுகுக்கோடு உடலானது. காலி நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். 1969-ல் டப்ளினில் கூடிய அந்த அமைப்பின் உலக மாநாட்டில் சின்னம் ஏற்கப்பட்டது. இந்த வரலாற்றை விரிவாக அறிய விரும்புபவர்கள் எலிசபெத் கஃபி 2017-ல் எழுதிய 'டிசைனிங் டிசபிலிட்டி' நூலைப் படிக்கலாம்.

போட்டி நடத்துபவர்கள் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாணவர்களிடம் 'மனிதநேயத்தை வரை' என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் வாசலில் நிற்கிறார், உள்ளே போக வழி உண்டா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு கோட்டுருவம் கொடு என்று கேட்டார்கள். கேள்வி கூர்மையாக இருந்தது. அதனால்தான் ஒரு மாணவியின் கோடு அரை நூற்றாண்டு தாண்டி நிற்கிறது.

அந்தச் சின்னத்திலும் குறை உண்டு, சிறிய குறையல்ல. காது கேளாதவர், பார்வையற்றவர், ஆட்டிசம் உள்ளவர், தசைச்சிதைவு உள்ளவர் எல்லோருக்கும் ஒரே நாற்காலி. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சக்கர நாற்காலியில் உட்காருபவர்கள் அல்லர். வெளியே தெரியாத குறைபாடு உள்ள ஒருவர், தனக்குரிய இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தால், 'நல்லாத்தானே நடக்கிறீங்க?' என்று காவலாளி கேட்பதற்கு இந்தப் படமும் ஒரு காரணம்.

இரண்டாவது குறையைச் சுட்டிக்காட்டியவர்களும் கலைஞர்களே. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாஸ்டன் பகுதியில், பழைய சின்னப் பலகைகளின் மேல் யாரோ ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனார்கள். பழைய உருவம் அடியில் தெரியும். அதன்மேல் புதிய உருவம். முன்னால் சாய்ந்த உடல், பின்னால் வளைந்த முழங்கை, சக்கரத்தைத் தானே உந்தும் ஆள். ஒட்டியவர்கள் கலைஞர் சாரா ஹெண்ட்ரனும், கார்டன் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பிரையன் க்ளென்னியும். பழைய சின்னத்தில் ஆள் நாற்காலியோடு நாற்காலியாக விறைத்துக் கிடக்கிறார், யாரோ வந்து தள்ளக் காத்திருக்கிறார் என்பது அவர்கள் வாதம். டிம் ஃபெர்குசன் சாடர் என்ற வரைகலைஞர் அதை அச்சுக்கேற்ற வடிவமாக்கினார். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டார்கள். 2014-ல் நியூயார்க் மாநிலம் புதிய பலகைகளுக்கு இந்த வடிவத்தைச் சட்டமாக்கியது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. சர்வதேசத் தர நிறுவனமான ஐ.எஸ்.ஓ. மட்டும் 2015-ல் ஏற்க மறுத்தது. பழையது உலகம் முழுக்கப் பழகிவிட்டது என்ற நிலையில் அது நின்றது.

எதிர்ப்பு அங்கே மட்டும் வரவில்லை. மாற்றுத்திறனாளிகளில் ஒரு சாராரும் புதிய சின்னத்தை விரும்பவில்லை. கை அசையாதவர், மூச்சுக்காற்றாலும் தாடையாலும் மின் நாற்காலியை ஓட்டுபவர், அடுத்தவர் தள்ளித்தான் நகர முடிந்தவர் ஆகியோர் இந்த ஓட்டக்காரப் படத்தில் எங்கே என்று கேட்டார்கள். வேகமாகப் போகிறவருக்குத்தான் மரியாதையா என்பது நியாயமான கேள்வி. மலையுச்சியில் கொடி நாட்டும் இரும்புக் கால் வீரனின் படத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். தலைகுனிந்த பையனைவிட அந்த வீரன் மேல் என்று நடுவர்கள் நினைத்து மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டு படமும், சாதாரணமாக வாழும் ஒருவரைச் சாதாரணமாகப் பார்க்கத் தவறுகின்றன என்பதே இந்தச் சொற்பொழிவின் கருத்து.

ஸ்டாக்ஹோமில் கோஃபோட் வரைந்துகொண்டிருந்த அதே 1968-ஐ ஒட்டித்தான் ஜெய்ப்பூரில் இன்னொரு வேலை நடந்தது. சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி, கால் இழந்தவர்களுக்கு மேல்நாட்டுச் செயற்கைக் கால்களைப் பொருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். வாங்கிப் போனவர்கள் மூலையில் வைத்துவிட்டு மறுபடி ஊன்றுகோலுக்குத் திரும்பினார்கள். காரணம் எளிது. அந்தக் காலுக்கு ஷூ போட வேண்டும். ஷூவோடு கோயிலுக்குள் போக முடியாது, சமையலறைக்குள் போக முடியாது, வயலில் இறங்க முடியாது. குத்துக்கால் போட முடியாது, சம்மணமிட முடியாது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர் அந்த மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். உருவம் வார்ப்பது அவருக்குக் கைவந்த கலை. சைக்கிள் கடையில் டயருக்கு ரப்பர் ஒட்டிச் சூடேற்றுவதைப் பார்த்து, அதே முறையில் பாதம் வார்க்கலாம் என்று யோசனை வந்தது. விரல் பிரிந்த, தோல் நிறத்து ரப்பர் பாதம் உருவானது. வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், மரம் ஏறலாம். சேத்திக்கு 1981-ல் மக்சேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயர் அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. ஒரு சிற்பியின் கண் மருத்துவத்துக்குள் நுழைந்த தருணம் அது. பள்ளி ஓவிய ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய கதை.

அந்த ஜெய்ப்பூர் காலைத் தமிழர்கள் ஒரு நடனக் கலைஞர் மூலம் அறிந்தார்கள். 1981-ல் விபத்தில் கால் இழந்த சுதா சந்திரன், அதைப் பொருத்திக்கொண்டு மறுபடி மேடையேறினார். அவர் கதையே 'மயூரி' என்று படமானது. பத்திரிகைகள் அவருடைய மன உறுதியைப் புகழ்ந்தன. அந்த ரப்பர் பாதத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. மாணவர் போட்டிக்கு அதுதான் நல்ல தலைப்பு: நாட்டியத்துக்கு ஒரு பாதம் எப்படி இருக்க வேண்டும்?

பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாந்திநிகேதனை நினைவூட்டலாம். பினோத் பிஹாரி முகர்ஜி பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லாதவர், மறு கண்ணில் கடும் கிட்டப்பார்வை. அந்த ஒற்றைக் கண்ணோடுதான் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அருளாளர்களின் மாபெரும் சுவரோவியத்தை 1947-ல் முடித்தார். அதில் இராமானுஜரும் இருக்கிறார், சூர்தாசரும் இருக்கிறார். 1950-களின் பிற்பகுதியில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மீதிப் பார்வையும் போனது. அவர் நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் செய்தார், 1972-ல் கலா பவனத்தில் ஓட்டுச் சில்லுகளால் சுவரோவியம் அமைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ரே அதே ஆண்டு எடுத்த 'தி இன்னர் ஐ' ஆவணப்படத்தில், அவருடைய விரல்கள் காகிதத்தைத் தடவி அளவெடுப்பதைப் பார்க்கலாம்.

பிறவியிலேயே பார்வையற்றவர்களும் வரைகிறார்கள். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜான் கென்னடி என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதை ஆய்ந்து, 1993-ல் நூலாக வெளியிட்டார். பார்வையில்லாதவர்களும் பொருளின் விளிம்பைக் கோடாக எடுக்கிறார்கள், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும் என்று காட்டுகிறார்கள் என்பது அவர் கண்டது.

அதற்கான கருவி ஒன்றும் விண்வெளி ரகசியமல்ல. மேலே ரப்பர் ஒட்டிய ஒரு பலகை, அதன்மேல் விரித்துப் பிடித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஒரு பால்பாயிண்ட் பேனா. அழுத்தி இழுத்தால் கோடு சுருண்டு மேலெழும்பும். வலது கை பேனாவை இழுக்க, இடது கையின் ஆள்காட்டி விரல் அரை அங்குலம் பின்னாலேயே வந்து, போட்ட கோடு எங்கே நிற்கிறது என்று தொட்டுப் பார்க்கும். இரண்டு கோடுகள் நெருங்கி வந்தால் விரலுக்கு அவை ஒன்றாகிவிடும். அதனால் அந்தப் பிள்ளை இடைவெளி விட்டு வரையக் கற்றுக்கொள்கிறது. நூல், மணல், துணி, பிசின் வைத்து ஒட்டியும் படம் செய்யலாம். பிரெயிலே இப்படி ஒரு மாணவனின் விரல் வேலைதான். பாரிசின் பார்வையற்றோர் பள்ளியில் படித்த லூயி பிரெயில், ராணுவ அதிகாரி சார்ல்ஸ் பார்பியே கொண்டுவந்த பன்னிரு புள்ளி முறையை ஆறு புள்ளியாகச் சுருக்கியபோது அவருக்கு வயது 15. ஒரு விரல்நுனிக்குள் அடங்க வேண்டும் என்ற அளவை, அந்த விரல் உள்ளவரால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

இன்னொரு மாணவர் முயற்சியும் இங்கே சேரும். வெள்ளைக் கோல் தரையைச் சொல்லும். முழங்காலுக்கு மேலே இருப்பதைச் சொல்லாது. திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, தாழ்ந்த மரக்கிளை, லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இவையெல்லாம் முகத்தில்தான் மோதும். டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் வழிகாட்டலில் இளங்கலை மாணவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். செவிக்கெட்டாத ஒலியை அனுப்பி, தடை நெருங்க நெருங்கக் கைப்பிடியில் அதிர்வைக் கூட்டும் 'ஸ்மார்ட்கேன்' பல ஆண்டுச் சோதனைக்குப் பிறகு 2014-ல் வெளிவந்தது. தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். பார்வையற்றவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொன்னபடி திருத்தித் திருத்திச் செய்ததால்தான் அது நிலைத்தது.

போட்டி உலகத்திலும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஜீன் கென்னடி ஸ்மித் 1974-ல் தொடங்கிய வி.எஸ்.ஏ. அமைப்பு, 16 முதல் 25 வயதுவரை உள்ள மாற்றுத்திறனாளி ஓவியர்களுக்கென்றே தேசியப் போட்டி நடத்திவந்தது. 2011-ல் தொடங்கிய உலகத் தகவல்தொழில்நுட்பப் போட்டியில் மாற்றுத்திறனாளி இளைஞர்களே கணினியில் போட்டியிடுகிறார்கள். அதை நடத்துவது, நாற்காலிச் சின்னத்தைக் கேட்டு வாங்கிய அதே ரீஹாபிலிடேஷன் இன்டர்நேஷனலின் கொரியக் கிளை. 2018-ல் அது டெல்லியில் நடந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா.வின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், 30-ஆம் பிரிவில், அவர்களுடைய கலைத்திறனை வளர்ப்பது அவர்களுக்காக மட்டுமின்றிச் சமூகம் முழுவதும் செழிக்கத்தான் என்கிறது.

இது யாரோ சிலருடைய விஷயமென்று ஒதுக்கவும் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, ஏதாவதொரு உதவிக் கருவி தேவைப்படுபவர்கள் 250 கோடிக்கும் அதிகம், அவர்களில் கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை என்றது. அந்தக் கணக்கில் மூக்குக்கண்ணாடியும் சேர்த்தி. வகுப்பில் கண்ணாடி போட்ட பத்துப் பிள்ளைகளிடம், தங்கள் மூக்கின் மேல் இருப்பதையே முதலில் வரையச் சொல்லலாம். பரிதாபம் அந்தப் படத்தில் வர வாய்ப்பே இல்லை.

உள்ளூரில் வரைவதற்கு எவ்வளவோ இருக்கிறது. மணலில் சக்கரம் புதையும் என்பதால், மெரினாவுக்குப் போயும் கடலலையைத் தொடாமலே திரும்பியவர்கள் ஏராளம். பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2022 நவம்பரில் அங்கே நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். அலையும் புயலும் தாங்கும் பாதை எப்படி இருக்கலாம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு படம் போட்டால், அதைப் பொறியாளர்கள் பார்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்துக்குப் போட்டி நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் சங்கங்களும் சில காரியங்களைச் செய்ய வேண்டும். 'உதவும் கரங்கள்' மாதிரித் தலைப்புகளை விட்டுவிட்டு, ஓர் இடத்தையும் ஒரு சிக்கலையும் தலைப்பாகக் கொடுங்கள்: ஊன்றுகோலோடு வரும் மாணவி பேருந்திலிருந்து நூலகம்வரை வர என்னென்ன வேண்டும் என்பதைப்போல. வரைவதற்கு முந்தைய வாரம், அந்தக் கருவியைத் தினமும் பயன்படுத்துகிறவரை வகுப்புக்கு அழைத்துப் பேசவையுங்கள். நடுவர்களில் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கட்டும். தொட்டறியும் படங்களையும் களிமண் உருவங்களையும் அதே போட்டியில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறுதல் பரிசுக்கென்று தனி வரிசை வேண்டாம். படங்களைச் சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டத்தில் மாட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிட ஒலி விளக்கம் பதிவு செய்யுங்கள். பரிசு பெற்ற படங்களை பீரோ மேல் ஏற்றாமல், நகராட்சிப் பொறியாளருக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.